காய்ச்சலைத் தீர்த்த வெங்காயம்

போன வாரம் கிளினிக்கில் நம்பர் கூப்பிடும் வரை காத்துக்கொண்டிருந்தோமே, அப்போது நம்மில் ஒருத்தி பத்திரிகையிலிருந்து கத்தரித்த ஒரு துண்டை எல்லாரிடமும் காட்டினாள். வெங்காயம் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் குறையும், கொழுப்பு கரையும், சளி அண்டாது, எலும்பு கெட்டிப்படும் என்று வரிசையாகப் போட்டிருந்தது. "பாருங்க, இனிமே மாத்திரையே வேணாம்லா," என்று அவள் சொன்னதும் எல்லாரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு மனசு ஒரு நிலையில் இல்லை. உங்களிடம் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. நேரில் சொன்னால் பாதியில் யாராவது தன் மருமகள் கதையை ஆரம்பித்துவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வெங்காயத்தின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. இன்றைக்கும் சின்ன வெங்காயம் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. நான் வளர்ந்ததே வெங்காயத்தில்தான்.

மலாக்கா பக்கம் சுங்கை ரம்பாயில் ஒரு ரப்பர் தோட்டத்தில் எங்கள் குடும்பம் கூலி வேலை செய்தது. உங்களில் பாதிப் பேர் அந்த மாதிரி வரிசை வீட்டு லயத்தில் பிறந்தவர்கள். விடியலில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போகுமுன் நம் வீடுகளில் என்ன சாப்பாடு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பழைய சோறு, உப்பு, நசுக்கிய சின்ன வெங்காயம். அப்பா வெங்காயத்தைக் கத்தியால் நறுக்க விடமாட்டார். கதவு நிலையில் வைத்து உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டுவார். தோல் தனியாகக் கழன்றுவிடும். "கத்தி பட்டா சத்துப் போயிரும்" என்பார். அந்த நிலைக்கட்டையில் ஒரு இடம் மட்டும் எண்ணெய் பூசியது போல வழவழவென்று இருக்கும். நான் போகும்போதும் வரும்போதும் அதை மோந்து பார்ப்பேன்.

அம்மா அதற்கும் மேலே. எங்கள் லயத்தில் யாருக்கு என்ன வந்தாலும் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். மூக்கில் ரத்தம் வந்தால் வெங்காயத்தைப் பிளந்து மோக்கக் கொடுப்பாள். இருமலுக்கு வெங்காயச் சாற்றில் கூலாவைக் கரைத்துக் கொடுப்பாள். தென்னம்பாளைச் சாற்றைக் காய்ச்சி மூங்கிலில் ஊற்றி எடுக்கிற வெல்லம்தானே கூலா. பக்கத்துக் கம்போங்கிலிருந்து ஒரு மலாய்க்கார மாக்சிக் அதை ஓலையில் சுற்றிக் கொண்டுவந்து தருவார். கட்டிக்குச் சுட்ட வெங்காயம் வைத்துக் கட்டுவாள். பூரான் கடிக்குப் பச்சை வெங்காயம் தேய்ப்பாள். தூக்கம் வராத கிழவருக்கு ராத்திரிக் கஞ்சியில் நாலு வெங்காயம் கூடுதலாகப் போடச் சொல்வாள். பாதிக்கு மேல் கேட்கத்தான் செய்தது. அதனால் அம்மாவுக்கு ஒரு மரியாதை இருந்தது. வேறு எதற்கும் எங்களுக்கு அங்கே மரியாதை இல்லை என்பதால் அது எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

எனக்கு ஒன்பது வயதான அந்த வருஷம் நல்ல வருஷம் இல்லை. ரப்பருக்குக் கேட்பாரில்லாமல் போய், பல குடும்பங்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். எங்கள் லயத்தில் பத்து வீட்டில் நாலு வீடு பூட்டிக் கிடந்தது. காலி வீடுகளின் கூரைத் தகரம் காற்றடித்தால் தனியாகச் சத்தம் போடும். அடைபட்ட சாக்கடையில் மழைத் தண்ணீர் தேங்கி நின்றது. மழை விட்டதும் காய்ச்சல் வந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருமே, அந்த முறைக் காய்ச்சல். முதலில் குளிரும், பல்லெல்லாம் அடிக்கும். பிறகு கொதிக்கும். பிறகு வியர்த்து ஊற்றி, ஒன்றுமே நடக்காதது போல எழுந்து உட்காருவார்கள். மறுநாள் வேலைக்குப் போவார்கள். அதற்கு மறுநாள் மறுபடியும் விழுவார்கள்.

தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரெஸ்ஸர் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கால்சட்டை, தக்கைத் தொப்பி, ஒரு சைக்கிள். பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்தி காய்ச்சலுக்கு ஆளுக்கொரு கொய்னா மாத்திரை கொடுப்பார். அதன் கசப்பு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நாக்கில் பட்டால் மத்தியானம் வரை எதைத் தின்றாலும் கசக்கும். முக்கால்வாசிப் பேர் நாக்கடியில் ஒதுக்கிவைத்து, அவர் தலை மறைந்ததும் துப்பிவிடுவார்கள். அம்மாவும் துப்பினாள். அம்மா அப்போது ஆறு மாதம் முழுகாமல் இருந்தாள். அவளுக்கும் காய்ச்சல் வந்திருந்தது.

ஒரு நாள் காலையில் டிரெஸ்ஸர் லயத்துப் பின்பக்கம் வந்து சாக்கடையைப் பார்த்துவிட்டார். எங்கள் வீட்டுக்கு நேர் பின்னால் வெள்ளை மாத்திரைகள் ஊறிப் பருத்துக் கிடந்தன. அவர் போட்ட சத்தம் கடைசி வீடு வரை கேட்டது.

"வெங்காயத்தாலை காய்ச்சல் போகுமெண்டா நான் ஏன் இஞ்ச இருக்கிறன்? நீயே டிரெஸ்ஸர் வேலையைப் பாரன்! படிப்பில்லாத சனத்தோட நான் என்னத்தைச் செய்யிறது?"

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் சைக்கிளை மிதித்துப் போன பிறகு உள்ளே வந்து அடுப்பின் முன்னால் உட்கார்ந்தாள். அன்று அவளுக்குக் காய்ச்சல் முறை. உட்கார்ந்தபடியே நடுங்க ஆரம்பித்தாள். நான் இரண்டு சாக்கை எடுத்து மேலே போர்த்தினேன்.

என் காலில் அட்டை கடித்துச் சீழ் வைத்த புண் ஒன்று இருந்தது. அதற்கு மருந்து போட இரண்டு நாள் கழித்து டிஸ்பென்சரிக்குப் போனேன். பெஞ்சியில் வேறு யாரும் இல்லை. டிரெஸ்ஸர் பஞ்சால் புண்ணைத் துடைத்தார். அவர் கை எப்போதும் மெதுவாகத்தான் இருக்கும், வாய்தான் அப்படி.

"பிள்ளை, கொம்மாவுக்கு இண்டைக்கும் காய்ச்சலே?"

"ஆமாங்கய்யா."

"மாத்திரையைத் துப்புறா, என்ன?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கட்டுப் போட்டு முடிச்சுப் போட்டுவிட்டு என் முகத்தை நிமிர்த்தினார்.

"இஞ்ச பார். இப்பிடியே விட்டா வயித்துப் பிள்ளையும் இல்லை, கொம்மாவும் இல்லை. விளங்குதே? நீ பள்ளிக்கூடம் போற பிள்ளை. உனக்கு விளங்கும். ஒரு கிழமைக்கு மாத்திரை தாறன். அவ விழுங்குறதை உன்ர கண்ணால பாக்க வேணும்."

ஒரு காகிதத்தில் மாத்திரைகளை வைத்து, நாலாக மடித்து என் கையில் கொடுத்தார். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் அப்படிச் சொல்லலாமா என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அவருக்கு வேறு யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை போலிருக்கிறது. நான் அந்தப் பொட்டலத்தைப் பாவாடை முடிச்சில் வைத்துக்கொண்டு பால் மரங்களுக்கு நடுவே நடந்து வந்தேன். மரத்தில் கட்டிய மங்குகளில் பால் சொட்டிக்கொண்டிருந்தது. புகைவீட்டுப் பக்கமிருந்து ரப்பர் ஷீட்டு காய்கிற நெடி வந்தது. 'கொம்மாவும் இல்லை' என்பது மட்டும் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது.

அம்மாவிடம் கொடுத்தால் துப்புவாள் என்று எனக்குத் தெரியும். அப்பாவிடம் சொன்னால் அம்மாவிடம் சொல்லிவிடுவார். அவருக்கு அவளிடம் எதையும் மறைக்கத் தெரியாது. வீட்டு வாசலை மிதிக்குமுன் எனக்கு வழி தெரிந்துவிட்டது.

அம்மா தன் காய்ச்சலுக்குத் தானே வைத்தியம் செய்துகொண்டிருந்தாள். தினமும் சாயந்திரம் மூன்று சின்ன வெங்காயத்தைத் தணலில் போட்டுச் சுட்டு, கூலாவில் புரட்டி, மென்றால் குமட்டுகிறது என்று அப்படியே விழுங்குவாள். சுட்டுத் தருவது என் வேலை. சுட்ட வெங்காயத்தை அடியில் பிடித்து அழுத்தினால் உள்ளே இருக்கும் குருத்து நழுவி வெளியே வந்துவிடும், இல்லையா? அந்த இடத்தில் மாத்திரையை வைத்தேன். ரப்பர் கட்டைத் தணல் முகத்தில் அடித்தது. கை சுட்டது. மேலே கூலாவைக் குழைத்துப் பூசி, நீலப் பூப்போட்ட எங்கள் ஒரே மங்குத் தட்டில், மற்ற இரண்டோடு சேர்த்து வைத்து நீட்டினேன்.

அம்மா மூன்றையும் விழுங்கித் தண்ணீர் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"என்னடி, கசக்குது?"

"கருகிப் போச்சும்மா."

"பாத்துச் சுடு."

அவ்வளவுதான். ஏழு நாள் அப்படிக் கொடுத்தேன். மூன்றாவது நாள் சாயந்திரம் தட்டைக் கையில் வாங்கியவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு எப்போதும் போல விழுங்கினாள். ஐந்தாவது நாள் வர வேண்டிய குளிர் வரவில்லை. ஏழாவது நாளும் வரவில்லை. அடுத்த வாரம் எழுந்து துணி துவைக்கப் போனாள்.

பால் கொட்டகையில் நிறுவைக்கு நிற்கும்போது அப்பாதான் முதலில் சொன்னார். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். "எம் பொண்டாட்டி ஒரு கொய்னா தொடல. வெறும் வெங்காயம். பாருங்க, இப்ப நிக்கிறா மரம் மாதிரி." சாயந்திரமே பெண்கள் எங்கள் வீட்டு வாசலில் கூடிவிட்டார்கள். எத்தனை வெங்காயம், எந்த நேரம், கூலாவா கருப்பட்டியா என்று கேட்டார்கள். அம்மா மெதுவாகப் பதில் சொன்னாள். நான் அவள் பின்னால் உட்கார்ந்து, கொய்னா காகிதத்தை மடித்து மடித்துச் சிறிதாக்கி அடுப்பில் போட்டேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அப்போது பயம் இல்லை, பெருமையாக இருந்தது. நான் அம்மாவைக் காப்பாற்றிவிட்டேன். டிரெஸ்ஸர் கேட்டபோது, "விழுங்கினாங்கய்யா" என்றேன். அவர் என் தலையைத் தட்டி, வாய் அகலமான ஜாடியிலிருந்து ஒரு பெப்பர்மிண்ட் கொடுத்தார். அம்மா மாத்திரைக்கு வழிக்கு வந்துவிட்டாள் என்று அவர் நினைத்தார். லயமே கொய்னாவை விட்டுக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. இந்தத் தடவை யாரும் சாக்கடையில் துப்பவில்லை. காட்டுக்குள் போய்த் துப்பினார்கள்.

எங்களுக்கு அடுத்த வீட்டில், ஒரே பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு அத்தை இருந்தார். சொந்த அத்தை இல்லை. அம்மா அவரை மதினி என்று கூப்பிடுவாள், நான் அத்தை என்பேன். இரண்டு பேரும் ஒரே கப்பலில் வந்தவர்கள். அத்தைக்குப் புருஷன் இல்லை. மரம் விழுந்து செத்துப் போயிருந்தார். ஒரே ஒரு பொடியன், ஐந்து வயது. எப்போதும் வாயில் எதையாவது வைத்துக்கொண்டு பாடிக்கொண்டே இருப்பான். சுவரில் ஒரு பலகை விரிசல் விட்டிருக்கும். அதன் வழியாக ஒரு கண்ணை வைத்து என்னைப் பார்த்து, "அக்கா, நான் புலி" என்பான்.

அவனுக்கும் காய்ச்சல் வந்தது. அத்தை முதலில் கொய்னாவைத் தேனில் குழைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவன் அழுது புரண்டு கக்குவான். சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்குக் கேட்கும். ஒரு நாள் அத்தை கண்ணெல்லாம் சிவந்து அம்மாவிடம் வந்தார்.

"பிள்ளைய நெஞ்சுல மிதிச்ச மாதிரி இருக்கு, அதைக் குடுக்கறப்ப. நெசமாவே வெங்காயத்துலயா உனக்கு நின்னுச்சு?"

அம்மா தலையை ஆட்டினாள். "ஆமா மதினி." அத்தையின் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள். சொல்லிவிட்டு எழுந்து, எங்கள் வீட்டு வெங்காயத்திலிருந்தே இரண்டு கை அள்ளி அத்தையின் முந்தானையில் போட்டாள்.

அன்றிலிருந்து பொடியன் அழுவது கேட்கவில்லை. அதுதான் எல்லாருக்கும் தைரியம் கொடுத்தது. பாட்டும் கேட்கவில்லை என்பதை நாலு நாள் கழித்துத்தான் கவனித்தேன். விரிசலில் கண்ணை வைத்துப் பார்த்தேன். பாயில் படுத்திருந்தான். அத்தை தணலுக்கு முன்னால் உட்கார்ந்து வெங்காயத்தைத் திருப்பித் திருப்பிச் சுட்டுக்கொண்டிருந்தார். அது வெறும் வெங்காயம். உள்ளே ஒன்றும் இல்லை. உலகத்தில் எனக்கு மட்டும்தான் அது தெரியும் என்று நினைத்தேன்.

இரண்டு நாள் நான் வாயைத் திறக்கவில்லை. இதை எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆனது இந்த இரண்டு நாளுக்காகத்தான். சொன்னால் அம்மா அடிப்பாள், அப்பாவை எல்லாரும் கேலி செய்வார்கள், அம்மாவின் மரியாதை போய்விடும். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லும்போது நாக்கு குழறியது. தானாகவே சரியாகிவிடும், நாளைக்கு எழுந்து புலி என்பான் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவது நாள் மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, அத்தை வீட்டிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பொடியனுக்கு வலிப்பு. கண் மேலே செருகியிருந்தது, பல் கிட்டியிருந்தது. அத்தை ஒரு வெங்காயத்தைக் கடித்துப் பிளந்து அவன் மூக்கில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குள் ஓடி அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டேன். எல்லாவற்றையும் கொட்டினேன். டிரெஸ்ஸர் சொன்னது, பொட்டலம், குருத்தை எடுத்த இடத்தில் வைத்தது, கருகிப்போச்சு என்று பொய் சொன்னது. அம்மா என்னை அடிக்கவில்லை. என் தலையில் கையை வைத்தபடி நின்றாள்.

"எனக்குத் தெரியும்டி," என்றாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"மூணா நாளே தெரியும். காதுக்குள்ள வண்டு கத்துச்சு. கொய்னா குடிச்சா மட்டுந்தான் அப்படிக் கத்தும். முன்னாடி ரெண்டு தடவ கேட்டிருக்கேன்."

"அப்புறம் ஏம்மா முழுங்கின?"

அம்மா உட்கார்ந்து சொன்னாள். எனக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போயிருந்தன. வேறு தோட்டத்தில், இரண்டு தடவையும் காய்ச்சலில், இரண்டு தடவையும் கொய்னா குடித்த மறுநாள். எனக்கு அது அன்றுதான் தெரிந்தது.

"நானா எடுத்து வாயில போட்டு, இதுவும் போயிருச்சுன்னா நான் பைத்தியமாயிருவேன்டி. நீ குடுத்த. நான் முழுங்கினேன்."

இதை நான் பல வருஷம் பல விதமாக நினைத்துப் பார்த்திருக்கிறேன். பிள்ளை பெற்ற புதிதில் அம்மா மேல் எனக்குக் கடுமையான கோபம் வந்தது. ஏதாவது ஆகியிருந்தால் அந்தப் பழி ஒன்பது வயதுப் பெண்ணின் தலையில் அல்லவா விழுந்திருக்கும்? இப்போது அந்தக் கோபம் இல்லை. அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. நம் பேத்திகளின் வயது.

"அவ வந்து கேட்டப்ப ஆமான்னேன் பாரு," என்றாள் அம்மா. "எல்லாரும் என்னைய மதிச்சாங்க. வாய் வரல." எழுந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வாசலுக்கு நடந்தாள். என்னிடம், "ஓடு, டிரெஸ்ஸரைக் கூட்டியா" என்றாள். நான் படியிலிருந்து இறங்குவதற்குள் அவள் பேசுவது கேட்டது.

"மதினி, எனக்கு வெங்காயத்துல நிக்கல. உள்ள கொய்னா இருந்துச்சு. எம் மக வச்சுக் குடுத்தா. எனக்குத் தெரியும்."

அத்தை பொடியனை மடியில் போட்டபடி தலையைத் தூக்கினார். "நீ ஆமான்னு சொன்னியே?"

"சொன்னேன்."

நான் ஓடினேன்.

டிரெஸ்ஸர் சைக்கிளை வாசலில் அப்படியே போட்டுவிட்டு உள்ளே போனார். பொடியனின் இமையைத் தூக்கிப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "ஷீட்டு ஏத்துற லாரி எங்க நிக்குது? மறியுங்கோ!" என்று கத்தினார். லாரியில் பாதி ரப்பர் ஷீட்டு ஏற்றியிருந்தது. அதன் மேலேயே சாக்கை விரித்து அத்தையை உட்கார வைத்து, பொடியனை மடியில் கொடுத்தார்கள். டிரெஸ்ஸரும் ஏறிக்கொண்டார். தொப்பியை மறந்துவிட்டுப் போனார். லாரி கடலோர ரோட்டில் மலாக்காவுக்குப் போனது. எங்கள் லயத்துப் பெண்கள் ரோடு வரை நடந்து போய் நின்றார்கள். அம்மாவுக்குப் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை.

பொடியன் பிழைத்தான். ஆஸ்பத்திரியில் ஒரு மாதத்துக்கு மேல் கிடந்தான். திரும்பி வந்தபோது கால் இரண்டும் குச்சி மாதிரி இருந்தது. இடது காது கேட்கவில்லை. காய்ச்சலாலா, ஊசி மருந்தாலா என்று டிரெஸ்ஸராலும் சொல்ல முடியவில்லை. பாட ஆரம்பித்தான், ஆனால் ராகம் கோணலாக வந்தது.

அவர்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரு நாள் டிரெஸ்ஸர் எங்கள் வீட்டுக்கு வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தோம். அம்மா எழுந்து நின்று, அவர் கேட்காமலேயே இரண்டு பிள்ளைகளைப் பற்றிச் சொன்னாள்.

"இதை ஏன் எனக்கு முந்தியே சொல்லேல்ல?"

"நீங்க கேக்கலையேய்யா."

டிரெஸ்ஸர் சுற்றுமுற்றும் பார்த்தார். கவிழ்த்து வைத்திருந்த பால் வாளியின் மேல் அந்த வெள்ளைக் கால்சட்டையோடு உட்கார்ந்தார். எத்தனையாவது மாதம், காய்ச்சல் எத்தனை நாள் இருந்தது, எவ்வளவு மருந்து என்றெல்லாம் கேட்டார். அம்மா ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் அதுவரை இரண்டு பேரும் பேசிக்கொண்டதைப் பார்த்ததில்லை. ஒருவர் கத்துவார், ஒருவர் நிற்பார், அவ்வளவுதான்.

"அது காய்ச்சலாலயும் போயிருக்கலாம், மருந்தாலயும் போயிருக்கலாம்," என்றார் கடைசியில். "எனக்குத் தெரியாது அம்மா. காய்ச்சலை விட்டா ஆபத்துக் கூட எண்டு மட்டும் தெரியும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "உன்னட்டை நான் அதைக் குடுத்திருக்கக் கூடாது பிள்ளை." பெரியவர் ஒருவர் என்னிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் அவருடைய தொப்பியைக் கொண்டுவந்து கொடுத்தேன்.

அதற்குப் பிறகு பெரட்டில் அவர் பேச்சு மாறியது. மாத்திரையை வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, வாயைத் திறந்து காட்ட வேண்டும். காட்டினால், "போய் இப்ப வெங்காயம் தின்னுங்கோ, எவ்வளவு வேணுமெண்டாலும்" என்பார். காய்ச்சல் விட்டவர்களுக்குக் கஞ்சி இறங்க அதைவிட நல்ல சாமான் இல்லை என்று அவரே சொல்வார். கொய்னா கசப்பு ஊறிய வாய்க்கு உறைக்கிற மாதிரி அது ஒன்றுதான் இருந்தது. டிஸ்பென்சரி ஜன்னலில் பெப்பர்மிண்ட் ஜாடிக்குப் பக்கத்தில் ஒரு கூடை சின்ன வெங்காயம் வந்தது. யார் வீட்டிலிருந்து போனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அத்தை எங்களிடம் பேசவில்லை. சுவர் விரிசலில் உள்பக்கமாகத் துணியைத் திணித்து அடைத்துவிட்டார். குழாயடியில் அம்மா வந்தால் வாளியை எடுத்துக்கொண்டு தள்ளி நிற்பார். மற்றவர்கள் ஒரு மாதத்தில் மறந்துவிட்டார்கள், அல்லது மறந்த மாதிரி இருந்தார்கள். அத்தை மறக்கவில்லை. அம்மா ஒரு தடவை கஞ்சி கொண்டுபோய் வாசலில் வைத்தாள். சாயந்திரம் வரை அது அப்படியே இருந்தது. ஆறிய கஞ்சியை நான்தான் எடுத்து வந்தேன்.

ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். வாத்தியாருக்கு உடம்பு சரியில்லை, அன்று பள்ளிக்கூடம் இல்லை. ஆட்கள் எல்லாரும் பால் வெட்டுக்குப் போயிருந்தார்கள். பிரசவம் பார்க்கிற கிழவியும் காட்டில் இருந்தாள். வெயில் ஏறி லயமே ஆளில்லாமல் கிடந்தது. அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தவள் பாத்திரத்தை விட்டுவிட்டுத் தூணைப் பிடித்தாள். தரையில் தண்ணீர் ஓடியது.

"அப்பாவைக் கூப்பிடட்டுமா?"

"எட்டாது. இப்பவே வருதுடி."

லயத்தில் அன்று இருந்த பெரிய மனுஷி ஒருத்திதான். பொடியனைத் தேற்ற வேண்டி அத்தை இன்னும் வேலைக்குப் போகாமல் இருந்தார். நான் அவர் வாசலில் போய் நின்றேன். பொடியன் பாயில் உட்கார்ந்து ரப்பர் கொட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். அத்தை முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அம்மாவின் முனகல் வந்தது.

அத்தை முறத்தைக் கீழே வைத்தார். அவசரப்படாமல் எழுந்து, சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினார். "இவனைப் பாத்துக்க. அடுப்புல தண்ணி வை," என்று என்னிடம் சொல்லிவிட்டு எங்கள் வீட்டுக்குள் போனார். நான் பொடியனை இடுப்பில் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். அவனுக்கு எடையே இல்லை.

அத்தை அம்மாவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து அவளைத் தன் மேல் சாய்த்துக்கொண்டார். புடவையை ஒதுக்கினார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வியர்வையில் தலைமுடி முகத்தில் ஒட்டியிருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்.

"மதினி... என்னைய மன்னிச்சிட்டியா?"

"அதையெல்லாம் பொறவு பேசிக்கலாம்," என்றார் அத்தை. "இப்ப முக்கு."

ஆட்கள் வெட்டிலிருந்து திரும்புமுன் என் தங்கை பிறந்தாள். கோயில் திருவிழாவில் முன்வரிசையில் நின்று எல்லாரையும் விடச் சத்தமாகப் பாடுகிறாளே, அவள்தான். அம்மாவும் அத்தையும் அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தார்கள். அம்மாவைக் கடைசியாகக் குளிப்பாட்டியது அத்தைதான். நடுவில் அவர்கள் பேசாத பேச்சு இல்லை. அதை மட்டும் பேசவே இல்லை.